வீட்டு மரவேலைப் பட்டறையில் மரத்தூளை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: சென்னையில் வீட்டு கார் ஷெட்டிலேயே சின்னதாக மரவேலை செய்கிறேன். தினமும் பெருக்கினாலும் தூள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, அம்மாவுக்கு இருமல் வேறு. என்ன செய்யலாம்?

முதலில் அந்தத் துடைப்பத்தை ஓரமாக வையுங்கள். அம்மாவுக்கு இருமல் என்று எழுதியிருப்பதால் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. காய்ந்த மரத்தூளைப் பெருக்கும்போது கரகரப்பான தூள் முறத்துக்கு வந்துவிடும், நைஸ் தூள் மறுபடியும் காற்றில் ஏறிவிடும். உடம்பைக் கெடுப்பது இந்த நைஸ் தூள்தான். பெரிய துகள் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போகப் போக நெஞ்சுக்குள் இறங்க ஆரம்பிக்கும். அந்த அளவில் கண்ணுக்கும் தெரியாது.

நம்பிக்கை வராவிட்டால் இன்று ராத்திரியே பார்த்துவிடலாம். ஒரு பலகையை நன்றாக உப்புத்தாள் போட்டு முடித்துவிட்டு, லைட்டை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அந்த வெளிச்சத்தில் தூள் கீழே விழாமல் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். மெஷினை நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் இருக்கும். நம்மில் பலர் மாஸ்க்கைக் கழற்றுவது சரியாக அந்த நேரத்தில்தான். வேலை முடிந்தாலும் ஷெட்டுக்குள் இருக்கும்வரை மாஸ்க் முகத்தில் இருக்கட்டும். துணி மாஸ்க், கைக்குட்டை எதுவும் உதவாது. என்95 வேண்டும், கன்னத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் அப்படி உட்காராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1995-ல் மரத்தூளை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவு அது. மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய்தான் அதில் முக்கியமாகச் சொல்லப்படுவது. மரத் தொழிற்சாலைகளிலும் மேஜை நாற்காலி பட்டறைகளிலும் வருடக்கணக்காக வேலை செய்தவர்களிடம் பார்த்தது அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரம்பம் எடுக்கும் நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் ஆஸ்துமா, அலர்ஜி, தோல் அரிப்பு எல்லாம் அவ்வளவு காலம் காத்திருக்காது. தேக்குத் தூளும் ஈட்டி மரத் தூளும் சிலருக்குக் கையெல்லாம் தடித்துப்போகும்படி செய்துவிடும். எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் தூளோடு ஃபார்மால்டிஹைட் என்ற ரசாயனம் கலந்த பசையும் சேர்ந்து பறக்கும். எம்டிஎஃப் வேலையை ஷெட்டுக்குள் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்கிவிடுங்கள்.

சரி, தூளை எங்கே பிடிப்பது? அது பிறக்கும் இடத்திலேயே. காற்றில் கலந்த பிறகு துரத்துவது வீண் வேலை. கையில் இருக்கும் பணத்தை முதலில் சாண்டரின் (உப்புத்தாள் போடும் மெஷின்) தூளைப் பிடிக்கச் செலவழியுங்கள் என்பேன். வீட்டுப் பட்டறையில் நைஸ் தூளை அதிகம் கிளப்புவது டேபிள் சா (மேஜை ரம்பம்) இல்லை, சாண்டர்தான். அதோடு வரும் குட்டிப் பை பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நைஸ் தூளைத் துணி வழியாக வெளியே விட்டுவிடும். பையைக் கழற்றிவிட்டு வேக்வம் கிளீனர் ஹோஸை மாட்டுங்கள். வட்ட உப்புத்தாளில் இருக்கும் ஓட்டையும் சாண்டர் பேடில் இருக்கும் ஓட்டையும் நேர்க்கோட்டில் வரும்படி ஒட்டுங்கள். விலகினால் உறிஞ்சுவது குறைந்துவிடும். சரியாக அமைந்தால் தேய்த்த இடத்தில் விரலை வைத்து இழுக்கும்போது மாவு ஒட்டாது, வழுவழுவென்று மரம்தான் தட்டுப்படும். தூள் அடைக்காததால் தாளும் கூடுதல் நாள் உழைக்கும்.

முடிந்த இடத்தில் எல்லாம் இழைப்புளியைப் பிடியுங்கள். ஆசாரிகள் இழைக்கும்போது பார்த்திருப்பீர்கள், சீவல் சுருள் சுருளாகக் காலடியிலேயே விழும், எங்கும் பறக்காது. இழைப்புளி நன்றாகத் தீட்டியிருந்தால் முரட்டு உப்புத்தாளுக்கு வேலையே இருக்காது, கடைசி நைஸ் தாள் மட்டும் போதும்.

சாதாரண வேக்வத்தில் நேராக மாட்டினால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்து இழுவை செத்துவிடும். நடுவில் ஒரு சைக்ளோன் வையுங்கள். புனல் மாதிரி இருக்கும், ஆன்லைனில் கிடைக்கிறது. காற்று அதற்குள் சுழலும்போது கனமான தூள் ஓரத்தில் மோதிக் கீழே வாளியில் விழுந்துவிடும், மிச்சம் மட்டும் வேக்வத்துக்குப் போகும். வாளிக்கு 20 லிட்டர் பெயின்ட் டப்பா போதும் என்று பலர் சொல்வார்கள். ஹோஸ் அடைத்துக்கொண்டால் அந்த டப்பா உறிஞ்சும் வேகத்தில் உள்ளே நசுங்கிவிடும். கெட்டியான டிரம்மாகப் பாருங்கள். மூடியில் சின்னக் காற்றுக்கசிவு இருந்தாலும் சைக்ளோன் வேலை செய்யாது, அதனால் விளிம்பைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டுங்கள். வேக்வத்தில் ஹெப்பா ஃபில்டர் (மிக நைஸ் தூளையும் பிடிக்கும் வகை) போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் கவனம். ரம்பம் 1400 வாட், வேக்வம் 1200 வாட் என்றால் சேர்ந்து கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகி உருகும். ஷெட்டுக்குத் தனியாக ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் இழுத்துவிடுங்கள்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. கோடையில் மதியவாக்கில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கிழக்குச் சுவரில் மாட்டினால் கடற்காற்றோடு மல்லுக்கட்டும், தூளும் திரும்ப உள்ளே வரும். மேற்குப் பக்கம் மாட்டி, கிழக்குக் கதவைத் திறந்துவையுங்கள். அந்த மேற்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடும் இடமாக இருந்தால் முன்னாலேயே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். வீட்டுக்குள் திறக்கும் கதவின் அடிச்சந்தை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். ஷெட்டில் போடும் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள். அம்மாவின் இருமலுக்கு இந்த இரண்டும் உடனே செய்யக்கூடியவை. இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டும்போது மரத்தூள் விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தரையைச் சுத்தம் செய்ய வேக்வம், அது எட்டாத இடத்துக்கு ஈரத்துணி. புளோயர் (காற்றடிக்கும் மெஷின்) அடிக்கவே கூடாது. தூளை ராத்திரி அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. இந்த ஊர் ஈரப்பதத்தில் வார்ப்பிரும்பு மேஜைமேல் கிடக்கும் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு துருவைக் கொண்டுவரும். சுவரோரம் குவித்துவைத்தால் கரையான் வரும், மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம்.

சேர்ந்த தூளை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வியாக வரும். இந்த ஊரில் மரத்தூளுக்கு ஒரு பழைய கதையே உண்டு. மெரினா எதிரே இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842-ல் அமெரிக்காவின் ஃபிரெடரிக் டியூடர் கம்பெனி கட்டிய ஐஸ் கிடங்கு. ஏரியில் வெட்டிய பனிக்கட்டி மாதக்கணக்கில் கடல் கடந்து மெட்ராஸுக்கு முழுக்க உருகிவிடாமல் வந்தது, மரத்தூளில் புதைத்து ஏற்றியதால்தான். நம் வீட்டில் அதன் வேலை கம்போஸ்ட் தொட்டிதான். சமையலறைக் கழிவு போடும்போதெல்லாம் மேலே ஒரு பிடி தூவினால் ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். மரத்தூள் மட்டும் அதிகமானால் சீக்கிரம் மக்காது, அதனால் கை கொஞ்சம் அடக்கமாகவே இருக்கட்டும். வாட்ச்மேன் வீட்டிலோ டீக்கடையிலோ மரத்தூள் அடுப்பு இருந்தால் சுத்தமான மரத்தூளை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பிளைவுட், எம்டிஎஃப், பெயின்ட் அடித்த மரம், இவற்றின் தூளை இதோடு கலக்காதீர்கள். செடிக்கும் போடாதீர்கள், அடுப்புக்கும் கொடுக்காதீர்கள், போகியன்று கொளுத்தவும் வேண்டாம். பையில் இறுகக் கட்டி, மக்காத குப்பையில் போடுங்கள். லின்சீட் ஆயில் (மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைத் தூள் வாளியில் எறியவே கூடாது. சுருட்டிக் கிடந்தால் நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வெளியே வையுங்கள்.