நீலப் பெட்டி வந்தால் 'யெஸ்' கொடுக்கலாமா?

கேள்வி: விண்டோஸ் 11 கணினியில் பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் இலவச மென்பொருளை நிறுவப் போனேன். கணினியில் மாற்றம் செய்ய அனுமதி கேட்டு, மஞ்சள் பட்டையோடு 'பப்ளிஷர்: அன்னோன்' (வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை) என்று ஒரு பெட்டி வந்தது. பயந்துபோய் 'நோ' கொடுத்துவிட்டேன். அதையே வேறொரு தளத்திலிருந்து இறக்கியபோது நீலப் பட்டை வந்தது, நிறுவிவிட்டேன். நீலம் என்றால் பயமில்லைதானே?

பதில்: அப்படி இல்லை. மஞ்சளாக வந்ததுதான் அசலாக இருந்திருக்கவும் கூடும்.

அந்த நிறம் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதே இல்லை. கோப்பில் வெளியிட்டவர் யாரென்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் நீலம், இல்லையென்றால் மஞ்சள், அவ்வளவுதான். கையொப்பமிடச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஓய்வு நேரத்தில் இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் கட்டுவதில்லை. கெட்ட எண்ணம் உள்ளவர்கள் கட்டுவார்கள், அல்லது திருடுவார்கள். 2010-இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, சிப் தயாரிக்கும் ரியல்டெக் நிறுவனத்தின் திருட்டுச் சான்றிதழோடுதான் உலவியது. பணம் கட்டியவருக்கு ஒரு நிறம், கட்டாதவருக்கு ஒரு நிறம் என்று வைத்துவிட்டால் மக்கள் வேறு எப்படித்தான் புரிந்துகொள்வார்கள்?

என் கவலையெல்லாம் அந்த 'வேறொரு தளம்' பற்றித்தான். இலவச மென்பொருள்களைத் திரட்டி வைத்திருக்கும் இடைத்தரகர் தளங்களில் சில, அசல் கோப்பைத் தராமல் தங்கள் சொந்த இன்ஸ்டாலருக்குள் அதைச் சுற்றித் தருகின்றன. கையொப்பம் அந்த உறைக்கு உரியது, உள்ளே இருப்பதற்கு அல்ல. கூடவே ஒரு டூல்பார், ஒரு 'கணினி வேகமூட்டி', மாற்றப்பட்ட தேடுபொறி எல்லாம் வந்து சேரும். முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட கட்டங்களை நீங்கள் கவனிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்துவீர்கள் என்பதுதான் அவர்களுடைய தொழிலே. அந்தப் பக்கங்களில் பெரிதாகப் பளிச்சிடும் 'டவுன்லோட்' பொத்தான் பல நேரம் வெறும் விளம்பரம். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, பெட்டியில் உள்ள பப்ளிஷர் பெயரைப் படியுங்கள். மென்பொருளை எழுதியவர் பெயர் இல்லாமல் சம்பந்தமில்லாத பெயர் இருந்தால் 'நோ'. எதையும் நிறுவாத நேரத்தில் தானாகப் பெட்டி வந்தாலும் 'நோ' கொடுங்கள், அதனால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

பெயரும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 'விண்டோஸ் கமாண்ட் பிராசஸர்' என்ற பெயரில், பப்ளிஷர் 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்' என்று அழகான நீலப் பெட்டி வரும். மைக்ரோசாஃப்ட்டே கேட்கிறது என்று தோன்றும். கமாண்ட் பிராசஸர் மைக்ரோசாஃப்ட்டுடையதுதான், ஆனால் அது வெறும் வேலையாள். யாரோ எழுதிய கட்டளைக் கோப்பை இயக்க அது அனுமதி கேட்கிறது. எழுதியவர் யாரென்று பெட்டி மூச்சுவிடாது. 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' அழுத்தினால் எந்தக் கோப்பு என்று சின்ன எழுத்தில் தெரியும். கட்டளைகளை இயக்கும் இன்னொரு விண்டோஸ் கருவியான பவர்ஷெல் கேட்டாலும் இதே கதைதான். தொலைபேசியில் 'தொழில்நுட்ப உதவி' என்று பேசுகிறவர் "நீலம்தானே சார், யெஸ் கொடுங்க" என்று அவசரப்படுத்தினால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

உங்களுக்கு இப்போதைய வேலை இதுதான்: நிறுவியதை 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் நீக்குங்கள். பட்டியலைத் தேதிப்படி அடுக்கி, அதே நாளில் கூடவே நுழைந்தவற்றையும் தூக்குங்கள். பிரவுசரில் புது எக்ஸ்டென்ஷன் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வைரஸ் ஸ்கேனும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அப்புறம் அந்த மென்பொருளை எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். மறுபடி மஞ்சளே வரலாம்.