டம்பிங் வரி: நிபுணர் பரிந்துரைத்தால் போதுமா?

"மலிவான இறக்குமதியால் எங்கள் சிறு ஆலை தள்ளாடுகிறது. டெல்லியில் நிபுணர்கள் பரிந்துரைத்துவிட்டால் வரி வந்துவிடும் என்கிறார்கள். நம்பி மனு போடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போடலாம். வெளிநாட்டு நிறுவனம் தன் நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே விற்பதுதான் டம்பிங்; அதை ஈடுகட்ட அந்த இறக்குமதி மீது போடுவது டம்பிங் வரி. ஆனால் பரிந்துரை வேறு, வரி வேறு. இந்தப் பிளவுக்கு நூறு வயது. இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமையிலான 1921-22 இந்திய வரிக்கொள்கை கமிஷன் சொன்னபடி, எந்தத் தொழிலுக்கு இறக்குமதி வரிப் பாதுகாப்பு தரலாம் என்று பரிந்துரைக்க 1923இல் தீர்வை வாரியம் வந்தது. தொழிலுக்கு இயற்கை வசதி உண்டா, பாதுகாப்பில்லாமல் வளராதா, பின்னாளில் தனித்து நிற்குமா என்று மூன்றையும் அது ஆராய வேண்டும். உருக்குக்கு வாரியம் கேட்ட பாதுகாப்பு 1924இல் சட்டமானது. கண்ணாடிக்கும் கேட்டது, சோடா சாம்பல் உள்நாட்டில் இல்லை என்று அரசு மறுத்துவிட்டது. மற்ற மூலப்பொருள்களும் பெரிய சந்தையும் இங்கேயே இருந்தன என்பதால், அந்த மறுப்பு அநியாயம் என்றே கருதுகிறோம்.

இன்று விசாரிப்பது வர்த்தக அமைச்சகத்தின் வர்த்தகத் தீர்வு இயக்குநரகம் (டிஜிடிஆர்); வரி போடுவது நிதி அமைச்சகம். டிஜிடிஆரின் இறுதி அறிக்கை வந்தபின் நிதி அமைச்சகம் முடிவெடுக்க மூன்று மாதம். 2020க்குப் பின் பல பரிந்துரைகள் இந்தக் கட்டத்தில்தான் விழுந்தன.

மனுதாரர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதமாவது செய்பவர்களாக இருக்க வேண்டும். கருத்துச் சொன்ன உற்பத்தியாளர்களில் ஆதரிப்போர் பங்கு எதிர்ப்போரைவிட அதிகமாக வேண்டும். தனி ஆலைக்கு இது எட்டாது, சங்கமாகச் சேருங்கள். அதே பொருளை நீங்களே இறக்குமதி செய்தால் 'உள்நாட்டுத் தொழில்' என்ற தகுதியே போகலாம். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் காலத்துக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உற்பத்தி, விற்பனை, அடக்கவிலை, லாபக் கணக்கு தேவை. ரகசியப் பிரதியோடு, எதிர்த்தரப்பு (ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர்) பார்க்கத்தக்க சுருக்கப் பிரதியும் கொடுக்க வேண்டும். டம்பிங் வித்தியாசம், அதாவது அவர்கள் நாட்டு விலைக்கும் இங்கே ஏற்றுமதி செய்யும் விலைக்கும் உள்ள இடைவெளி, ஏற்றுமதி விலையில் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வழக்கு நிற்காது.

பெரும்பாலும் சறுக்குவது காரணத்தை நிறுவுவதில். மின்வெட்டு, பழைய இயந்திரம், உள்நாட்டுப் போட்டி ஆகியவற்றால் வந்த நஷ்டத்தை இறக்குமதியின் தலையில் கட்டினால் எதிர்த்தரப்பு பிடித்துவிடும். அவற்றை நீங்களே பிரித்துக் காட்டுங்கள்.

நிதி அமைச்சகம் கவலைப்படுவது உங்கள் பொருளை வாங்கும் ஆலைகளைப் பற்றியும்தான். அந்தக் கணக்கையும் மனுவிலேயே வையுங்கள்: வாங்குபவரின் அடக்கவிலையில் உங்கள் பொருள் 4 சதவீதம் என்றால், விலை 10 சதவீதம் ஏறினாலும் அவருக்குக் கூடுவது 0.4 சதவீதம்தான்.