திருத்திய கையோடு கதை எழுத முடியுமா?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டுவரும் ஆசிரியை ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

யீஷூன் வாசகி: அக்கா, நான் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. பாடம், இணைப்பாட நடவடிக்கை, பெற்றோரின் குறுஞ்செய்திகள் எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தால் ஒரு வரிகூட ஓடுவதில்லை. உங்களுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து கிடைக்கிறது?

பள்ளித் தவணையின்போது எனக்கும் கிடைப்பதில்லை, அம்மா. அதிகாலையில் எழுந்து தினமும் எழுது என்பார்கள். ஏழரை மணிக்குள் கொடியேற்றத்துக்கு வந்து நிற்க வேண்டியவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. நாள் கணக்கை விட்டுவிட்டு ஆண்டுக் கணக்குப் பாருங்கள். பத்துப் பத்து வாரமாக நான்கு தவணைகள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வார விடுமுறை. ஜூனில் நான்கு வாரம். ஆண்டிறுதியில் ஏறத்தாழ ஆறு வாரம். செப்டம்பர் வாரத்தை மறந்துவிடுங்கள், தேர்வுக்கான கூடுதல் வகுப்புகள் அதை விழுங்கிவிடும். ஜூனில் முதல் வாரம் தூக்கத்துக்கும் கடைசி வாரம் அடுத்த தவணைப் பாடத் தயாரிப்புக்கும் போய்விடும். மிஞ்சுவது ஜூன் நடுப்பகுதியும் டிசம்பரும்தான். முதல் வரைவை அப்போது எழுதுங்கள். தவணை நாட்களில் குறிப்பெடுத்தால் போதும். ரயிலில் காதில் விழுந்த ஒரு வாக்கியம், ஒரு பெயர், ஒரு கோபம். எழுதியதைச் செப்பனிடும் வேலையையும் அப்போது துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

2023 முதல் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் எதிலும் அரையாண்டுத் தேர்வு கிடையாது என்றானபோது, மே மாதம் நம் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தார்கள். திருத்துவதற்குத் தாள்கள் வேறு வழியில் வந்து சேர்ந்துவிட்டன.

ஜூரோங் வாசகர்: நானும் தமிழாசிரியர்தான். என் கதைகள் மாதிரிக் கட்டுரைபோல இருப்பதாக நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

நேரமின்மையை எப்படியாவது சமாளிக்கலாம். இதுதான் நம் தொழில்நோய். நாள் முழுவதும் பிறர் எழுத்தில் சந்திப்பிழை தேடுகிறோம். ‘ஆனந்தக் கடலில் மூழ்கினேன்’ என்று ஒரு மாணவன் எழுதினால் மொழிவளம் என்று மதிப்பெண் போடுகிறோம். தேர்வில் அவனுக்கு அது தேவைதான். அதே கை இரவில் கதை எழுத உட்காரும்போது, தன் பாத்திரங்களுக்கும் மதிப்பெண் வாங்கித்தரப் பார்க்கிறது. பாட்டி இலக்கணச் சுத்தமாகப் பேசுகிறாள். திருடன் கடைசிப் பத்தியில் திருந்தி, காவல் நிலையத்துக்குத் தானே நடந்து போகிறான்.

உங்கள் கதையின் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும். பிறகு, பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே பேசுவதைக் கவனியுங்கள். பாதி ஆங்கிலம், இடையிடையே மலாய், ‘லா’ போட்டு முடிக்கும் தமிழ். வகுப்பில் அதைத் திருத்துவது நம் வேலை. கதையிலும் திருத்தினால், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அரட்டையடிக்கும் பையன் பட்டிமன்றப் பேச்சாளனாகிவிடுவான். இன்னொன்று, திருத்தும் தாள்கள் கிடக்கும் மேசையில் கதை எழுதாதீர்கள். நான் வட்டார நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே சிவப்புப் பேனா கொண்டுபோவதில்லை.

செங்காங் வாசகி: என் மாணவி ஒருத்தியின் குடும்பக் கதை மனத்தை உலுக்குகிறது. பெயரை மாற்றி எழுதலாமா?

எழுதாதீர்கள். எழுத்தாளருக்கு எல்லாமே கச்சாப்பொருள் என்று சொல்லும் நண்பர்களோடு இதில் எனக்கு ஒத்துப்போகாது. அவள் சொன்னது ஆசிரியையிடம், எழுத்தாளரிடம் சொல்லவில்லை. அதோடு, இங்கே தமிழ் வகுப்புகள் சிறியவை. நீங்கள் எந்தப் பள்ளி என்பது எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் முரசு நாளிதழில் கதை வந்தால் திங்கட்கிழமை காலைக்குள் அவள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை மாற்றி என்ன பயன்?

உங்களை உலுக்கியது எது என்று யோசியுங்கள். அப்பா வீட்டுக்கு வராத இரவுகளா, அவற்றைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டே பேசியதா? அந்தச் சிரிப்புதான் என்றால், அதை ஐம்பது வயதுத் தாதிக்குக் கொடுங்கள், பாதுகாவலர் ஒருவருக்குக் கொடுங்கள். வயது, வீடு, தொழில், நடந்த சம்பவம் எல்லாம் மாறிய பிறகும் கதை நின்றால் அது உங்களுடையது. நிற்காவிட்டால் அது அவளுடையது, அவளே ஒருநாள் எழுதட்டும்.

தெம்பனிஸ் வாசகர்: பள்ளிக்காக எழுதிய நாடகத்தை என் நூலில் சேர்க்கலாமா? ராயல்டிக்கு வரி உண்டா?

வேலையின் பகுதியாக எழுதியதன் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை முதலாளிக்குரியது. 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும் அப்படித்தான். ஆகவே நாடகத்துக்கு எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். உங்கள் நேரத்தில் எழுதிய கதை உங்களுக்கே சொந்தம். அதற்காகக் கூலியோ ராயல்டியோ வருமென்றால் பள்ளித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ராயல்டியை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். எவ்வளவு தொகைக்கு வரி என்பதை வரித்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் நூலில் வரும் ராயல்டிக்கு இவ்வளவு கணக்குத் தேவையா என்று நீங்கள் கேட்டால் எனக்கும் சிரிப்புதான் வரும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: அப்படியானால் எழுதுவதற்காக வேலையை விடலாமா?

வேண்டாம், தம்பி. நா. கோவிந்தசாமி கல்விப் பணியில் இருந்துகொண்டேதான் சிறுகதைகள் எழுதினார், தமிழை இணையத்தில் ஏற்றும் முன்னோடி வேலையையும் பார்த்தார்.

உட்லண்ட்ஸ் வாசகி: முதல் தொகுப்பு தயார். அடுத்து என்ன?

முதலில் தனிக் கதைகளாக வெளியே விடுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் கதைக்களம் சந்திப்புகளுக்குப் போங்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லும் வாசகர்கள் அங்கே கிடைப்பார்கள். 1993இல் தொடங்கிய தங்கமுனை விருதுப் போட்டியில் தமிழுக்கும் இடம் உண்டு, அறிவிப்பு வரும்போது அனுப்புங்கள். அச்சுச் செலவுக்குத் தேசிய கலைகள் மன்றத்தின் மானியம் கேட்கலாம். ஐஎஸ்பிஎன் எனும் நூல் அடையாள எண் தேசிய நூலக வாரியத்திடமே கிடைக்கும். சொந்தமாகப் பதிப்பித்தால், நூல் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வெளியீட்டு விழாவை ஏப்ரலில் வைக்காதீர்கள். அது தமிழ் மொழி விழா மாதம். நீங்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பேச்சுப் போட்டி அரங்கின் வாசலில் வருகைப் பட்டியலோடு நின்றுகொண்டிருப்பீர்கள்.