வாய்ப்புண்ணுக்காக சிரோலிமஸை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. மூன்று வருடங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. உடல் மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்கத் தந்த டாக்ரோலிமஸ் மருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று சொல்லி, இரண்டு மாதங்களுக்கு முன் சிரோலிமஸுக்கு மாற்றினார்கள். அப்போதிலிருந்து வாய் முழுக்கப் புண். பூஞ்சைத் தொற்றாக இருக்கும் என்று மெடிக்கலில் ஃப்ளுகோனசோல் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டபின் புண் அதிகமாகிவிட்டது. ஆறும்வரை சிரோலிமஸை நிறுத்தி வைக்கலாமா? அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷனும் இருக்கிறது.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே சமயம் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே மாற்று சிகிச்சைப் பிரிவு மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் சிரோலிமஸ் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 62 மணி நேரம் ஆகும் என்பதால், ஓரிரு நாள் நிறுத்துவதால் புண் ஆறிவிடாது. அதற்கு மேல் நிறுத்தினால் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் ஆபத்து வந்துவிடும்.

எம்டார் என்பது செல்கள் வளர்வதையும் பெருகுவதையும் இயக்கும் ஒரு புரதம். சிரோலிமஸும் அதே வகை மருந்தான எவரோலிமஸும் அதைத் தடுப்பதால், மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்க வரும் வெள்ளணுக்கள் பெருக முடிவதில்லை. மருந்தின் பயன் இதுதான். ஆனால் வாயின் உள்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும், ஆபரேஷன் காயம் மூடுவதற்கும் அதே எம்டார் தேவைப்படுகிறது. உங்கள் கணவரின் புண்ணும், ஆபரேஷன் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதும் ஒரே காரணத்தில் பிறப்பவை.

இம்மருந்தால் வரும் புண் ஆழமில்லாமல், நடுவே வெளிறி, சுற்றிலும் சிவந்த விளிம்போடு இருக்கும். பூஞ்சைத் தொற்றில் தயிர்த் திட்டுப் போன்ற வெள்ளைப் படலம் படியும். துடைத்தால் உரிந்து வரும். அக்கி வைரஸாலும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வாய்ப்புண் வரக்கூடும் என்பதால், மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து முடிவு செய்வதே சரி. சிரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றும் நொதியை ஃப்ளுகோனசோல் தடுக்கிறது. எனவே மாத்திரையின் டோஸ் மாறாமலே ரத்தத்தில் மருந்து ஏறும். புண் அதிகமானதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக் மருந்துகளான கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியாசெம் ஆகியவையும் இப்படிச் செய்யும். கிரேப்ஃப்ரூட்டையும் அதன் இனமான பம்ப்ளிமாஸையும் தவிர்த்துவிடுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்றவை இதற்கு நேர்மாறாக மருந்தின் அளவைப் பெரிதும் இறக்கிவிடும். ஆகவே எந்தப் புது மாத்திரையானாலும், மெடிக்கல் கவுன்ட்டரில் கேட்டு வாங்கி விழுங்காமல், முதலில் மாற்று சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லுங்கள். ஃப்ளுகோனசோலை நிறுத்தியபின் அளவு மறுபடி இறங்கும் என்பதால், அது எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

ரத்தத்தில் மருந்தின் லெவல் பார்க்கச் சொல்வார்கள். இங்கே பலரும் தவறுவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன்: காலை ஆறு மணிக்கு வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, பத்து மணிக்கு ரத்தம் கொடுக்கிறார்கள். அந்த லெவல் பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் பாதிப்பு சிறுநீரகத்துக்கு. அன்றைய மாத்திரையைச் சட்டைப் பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு விழுங்க வேண்டும். டோஸை மாற்றினால், புது அளவு நிலைபெற ஒன்றிரண்டு வாரம் விட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் என்றால் தினமும் முன், பின் என்றால் தினமும் பின் என்று ஒரே வழக்கமாக எடுப்பதும் அவசியம்.

புண்ணுக்கு ஸ்டீராய்டு கலந்த வாய் கொப்பளிப்பு மருந்தோ ஜெல்லோ எழுதித் தருவார்கள், நன்றாகக் கேட்கும். ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின் கலந்தவை புண்ணை இன்னும் எரிச்சலாக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், ஆறிய கஞ்சி, காரமில்லாத மோர் சாதம் போதும்.

குடலிறக்க ஆபரேஷனைப் பொறுத்தவரை, அறுவை மருத்துவரிடம் சிரோலிமஸ் பெயரைச் சொல்லாமல் தேதி குறிக்காதீர்கள். தையல் இடம் பிரிவதும், அங்கே நீர் கோத்துக்கொள்வதும், குடலிறக்கம் திரும்ப வருவதும் இம்மருந்தில் அதிகம். அவசரமில்லாத ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே டாக்ரோலிமஸுக்கு மாற்றி, காயம் நன்கு ஆறியபின் திரும்ப சிரோலிமஸ் தொடங்குவது வழக்கம். ஒரு மாதம் இருப்பதால் அதற்கு இப்போது நேரம் இருக்கிறது.

கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, சர்க்கரை, ரத்த அணுக்கள், சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் இந்த முறையே பார்த்துவிடச் சொல்லுங்கள். புரதம் அதிகமாகப் போனால் சிரோலிமஸைத் தொடர்வதையே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

நான் அதிகம் அஞ்சுவது வாய்ப்புண்ணுக்கு அல்ல, வறட்டு இருமலுக்கு. கிருமி ஏதும் இல்லாமலே இம்மருந்து நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். காலத்தில் கண்டறிந்து மருத்துவர் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகைக்கு இருமல் வருவது சகஜம்தான் என்று நம் பகுதியில் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். உங்கள் கணவர் விஷயத்தில் அப்படி விடாதீர்கள்: இருமலோடு காய்ச்சலோ, மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குவதோ இருந்தால், ஓபி நாளுக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போய், சிரோலிமஸ் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.