வயலுக்கு டீசல் போகட்டும், தெருவுக்குப் பெட்ரோல் வேண்டாம்

கேள்வி: கணவர் மறைந்தபின் திருத்துறைப்பூண்டி அருகே எங்கள் சிறிய பெட்ரோல் பங்க்கை நானே நடத்துகிறேன். டீசலைப் போலவே பெட்ரோலையும் வண்டியில் கொண்டுபோய் விற்கச் சட்டம் இடம்கொடுத்துவிடும் என்ற அச்சத்தில், இரண்டையும் தடைசெய்யக் கோரும் மனுவில் கையெழுத்துப் போடும்படி பக்கத்து ஊர் டீலர்கள் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அந்த மனு இப்போதுள்ளபடியே இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்ரோலை எதிர்க்கும் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, டீசல் பற்றிய பகுதியைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தினால் முதல் கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும்.

டீசல் வண்டியை எதிர்ப்பது உங்கள் வாடிக்கையாளரையே எதிர்ப்பதாகும். அறுவடைக் காலத்தில் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து லாரியில் ஏற்றிவரப்படும் பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம், சேற்று வயலில் இறங்கியபின் டீசலுக்காகத் தார்ச்சாலையில் ஓடி உங்கள் பங்க்குக்கு வர முடியாது. இன்று அந்த டீசல் கேன்களில் நிரப்பப்பட்டு, இருசக்கர வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டப்பட்டு, வரப்பு வரை போகிறது. அதைவிட அளவுகருவியும் தீயணைப்பானும் உள்ள வண்டி வயலோரம் வந்து நிற்பது எல்லோருக்கும் நல்லதுதான். இந்தியன் ஆயில் நிறுவனம் 2018இல் புனேயில் தொடங்கிய இந்த ஏற்பாட்டை இனித் திரும்பப் பெறுவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பெட்ரோலின் கதை முற்றிலும் வேறு. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமே இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. எந்தக் கலனும் 1000 லிட்டருக்கு மிகாதவரை 2500 லிட்டர் டீசலை உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் வைத்திருக்கலாம். பெட்ரோலோ விற்பனைக்கு அல்லாமல், சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் மட்டுமே. காரணம் தெளிவானது: பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது, ஆகவே மேலே கலைந்துபோகாமல் தரையோடு தவழ்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்குகிறது. உங்கள் பங்க்கில் நிலத்தடித் தொட்டி, உயரமான ஆவிப்போக்கிக் குழாய், மணல் வாளி, கட்டடங்களிலிருந்து விதித்த இடைவெளி ஆகிய அனைத்தும் இந்த ஒரு குணத்துக்காகவே இருக்கின்றன. கீற்றுக்கூரையும் திண்ணை அடுப்பும் அடுத்தடுத்து இருக்கும் நம் தெருக்களில், சித்திரை வெயிலில் ஒரு வண்டி நின்று பெட்ரோல் ஊற்றினால் அந்தப் பாதுகாப்புகளில் எதுவுமே இராது. 2020 மே மாதம் அன்றைய மத்திய பெட்ரோலிய அமைச்சர் தர்மேந்திர பிரதான், வண்டியில் கொண்டுபோய் விற்கும் முறையைப் பெட்ரோலுக்கும் விரிவாக்க விரும்புவதாகச் சொன்னார் என்பதால், உங்கள் அச்சம் வெறும் வதந்தியில் பிறந்ததன்று. "எங்கள் விற்பனை குறையும்" என்ற வாதம் அதிகாரிகள் முன் நிற்காது. இந்தத் தீ விபத்து வாதம் நிற்கும்.

டீசல் பற்றி மனுவில் கேட்க வேண்டியது சமநீதி. உங்கள் பம்ப்புக்கு எடையளவு அதிகாரி முத்திரையிடுகிறார். சந்தேகப்படும் எவரும் 5 லிட்டர் அளவைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லலாம். அடர்த்தியைத் தினமும் பதிவேட்டில் எழுதுகிறீர்கள். வயலோரம் நிற்கும் வண்டியிலும் அதே முத்திரை, அதே அளவை, அதே பதிவேடு இருக்க வேண்டும். ஒரு பகுதியில் வண்டி ஓட்டும் வாய்ப்பு முதலில் அங்குள்ள கிராமப்புற டீலருக்கே தரப்பட வேண்டும் என்றும் எழுதுங்கள். தனியாக வண்டி வாங்குவது உங்களைப் போன்றவருக்குப் பெரும் சுமை என்பது உண்மை. இரண்டு மூன்று டீலர்கள் சேர்ந்து ஒரு வண்டி நடத்த அனுமதி கேட்பதில் தவறில்லை.

இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டு, பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தபோது, குடிநீர் மோட்டாருக்கான ஜெனரேட்டரை ஓட்டியது டீசல்தான். அத்தகைய நாளில் தொலைவிலிருந்து எந்த வண்டியும் வர இயலாது. ஊருக்குள் நிலத்தடித் தொட்டியில் இருப்பு வைத்திருக்கும் சிறு பங்க்தான் கைகொடுக்கும். கமிஷன் போதாமல் அது மூடப்பட்டால் இழப்பு உங்களுக்கு மட்டுமன்று.

மனுவைத் திருத்த மற்ற டீலர்கள் மறுத்தால், தயங்காமல் இவற்றைத் தனிக் கடிதமாக எழுதி உங்கள் நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். குறுவை அறுவடை தொடங்குமுன், உங்களிடம் வழக்கமாக டீசல் வாங்கும் இயந்திர உரிமையாளர்கள் இருவர் மூவரின் கையெழுத்தையும் அதில் பெற்றுவிடுங்கள்.