காட்டை வெட்டினால் ஓடுபாதை கிடைத்துவிடுமா?

கேள்வி: ஹிரோஷிமாவுக்குக் குண்டு புறப்பட்டது பசிபிக் கடலில் உள்ள டினியன் தீவிலிருந்து. அங்கே காடு மூடிக் கிடக்கும் பழைய விமானதளத்தை அமெரிக்கா மறுபடி திறக்கிறதாம். "கான்கிரீட் அடியில் அப்படியே இருக்கிறது, மரத்தை வெட்டினால் போதும். ஆளில்லாத தீவுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: அடியில் இருப்பது கான்கிரீட் இல்லை, பவளம். அதைத் தெரிந்துகொண்டால் நண்பரின் பாதி வாதம் தானாக விழுந்துவிடும்.

டினியன் தீவே கடலுக்கு மேலே எழும்பிய பவளச் சுண்ணாம்புப் பாறைதான். 1944 ஜூலை 24 அன்று இறங்கிய அமெரிக்கப் படை ஆகஸ்ட் 1-க்குள் தீவைப் பிடித்தது. வடகோடியில் ஜப்பானியர் போட்டிருந்த ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய 1,450 மீட்டர். எரிபொருளும் குண்டுமாக 60 டன் எடையோடு எழும்ப வேண்டிய பி-29 குண்டுவீச்சு விமானத்துக்கு அது காணாது. 'சீபீஸ்' எனப்படும் கடற்படைக் கட்டுமானப் பிரிவினர் பாறையை வெடிவைத்துப் பெயர்த்தார்கள். லாரி லாரியாகக் கொட்டி, நிரவி, நனைத்து, ரோலர் ஓட்டி இறுக்கி, மேலே தார்க்கலவை போர்த்தினார்கள். பவளப் பொடி ஈரத்தோடு இறுகும்போது அதிலுள்ள சுண்ணாம்பே பிடிப்புக் கொடுக்கும். பசிபிக் தீவுகளில் இதற்குக் கடல்நீரைத் தெளிப்பதும் வழக்கம். இப்படி 1945 மே மாதத்துக்குள் அருகருகே நான்கு ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் 2,600 மீட்டர் நீளத்தில் தயாராகிவிட்டன.

அவசரத்துக்குப் போட்ட பாதை அது. நூறாண்டு நிற்க வேண்டும் என்று யாரும் நினைத்துப் போடவில்லை. வெயிலிலும் காற்றிலும் தார் தன் பசையை இழந்து வெடிக்கும். வெடிப்பு வழியே மழைநீர் இறங்கும், இறங்கிய நீர் பவளப் பொடியை அரித்து அங்கங்கே பொள்ளலாக்கும். போருக்குப் பின் மண் அரிக்காமல் இருக்க அங்கே விதைத்த மரத்தை உள்ளூரில் டாங்கன்-டாங்கன் என்பார்கள். நம் ஊர் சவுண்டல்தான் அது, சூபாபுல் என்றாலும் அதே மரம். ஆட்டுக்குத் தழை ஒடித்தவர்களுக்குத் தெரியும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். தண்டை அறுத்துவிட்டு வேரை விட்டால் அடுத்த மழைக்கே வெடிப்பில் கிளை எட்டிப்பார்க்கும். வேரோடு பிடுங்கினாலோ, பிடித்துக்கொண்டிருக்கும் தாரும் பெயர்ந்து வரும். இரண்டும் வம்பு.

மரத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. போரில் வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். அது முடிந்த இடத்தில்தான் புல்டோசர் நுழையலாம். பிறகு பாதையைக் கூட்டி, கனமான எடையை மேலிருந்து போட்டு எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பார்கள். துளையிட்டு அடுக்குகளை எடுத்துப் பார்ப்பார்கள். சுண்ணாம்புப் பாறைக்குள் நீர் குடைந்த பொந்துகள் இருக்கும் என்பதால் இந்தச் சோதனையில் கஞ்சத்தனம் கூடாது. அதன்பின் பழைய தாரைச் சுரண்டி எடுத்து, அடித்தளத்தைக் கிளறி, சரியான ஈரத்தில் மறுபடி இறுக்க வேண்டும். ஈரம் குறைந்தால் பொடி சேராது, கூடினால் ரோலருக்கு அடியில் களியாகப் பிதுங்கும்.

விமானமும் மாறிவிட்டது. சி-17 சரக்கு விமானம் முழுச் சுமையோடு 265 டன் வரை இருக்கும். போர் விமானம் எடையில் சிறியது, ஆனால் அதன் டயரில் காற்றழுத்தம் மிக அதிகம் என்பதால் மேல்தோலைக் குத்திக் கிழிக்கும். அதன் ஜெட் என்ஜின் தரையில் கிடக்கும் ஒரு சல்லியை உறிஞ்சினாலும் உள்ளே விசிறித் தகடுகள் சிதறிப்போகலாம். இறக்கை உயரத்தில் இருக்கும், விசிறியால் ஓடும் சி-130 சரக்கு விமானமோ கரடுமுரடான தரையையும் பொறுத்துக்கொள்ளும். அது இறங்கிவிட்ட படத்தைப் பார்த்து 'தளம் தயார்' என்று நினைத்துவிடக் கூடாது.

அமெரிக்கா ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது? பக்கத்துக் குவாம் தீவில் எல்லா விமானத்தையும் ஒரே இடத்தில் நிறுத்தினால் சீன ஏவுகணைகளுக்கு அது சுலபமான இலக்கு. அதனால் பல தீவுகளில் பிரித்து வைக்கும் திட்டம். 2022-இலேயே தீவின் நடுவிலுள்ள இப்போதைய விமான நிலையத்தில் மாற்றுத் தளப் பணி தொடங்கியது. 2024-இல் வடகோடியிலுள்ள அந்தப் பழைய தளத்துக்கு 40.9 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது.

அங்கே தொடக் கூடாத இரண்டு குழிகள் இருக்கின்றன. அணுகுண்டு பருமனானது, வழக்கம்போல வண்டியில் தள்ளி பி-29-இன் வயிற்றுக்கு அடியில் நுழைக்க இடம் போதாது. அதனால் தரையில் குழி தோண்டி ஹைட்ராலிக் தூக்கியை வைத்தார்கள். குண்டை முதலில் குழிக்குள் இறக்கினார்கள். விமானத்தை அதன் மேலே கொண்டுவந்து நிறுத்தி, கொத்தனார் பிடிப்பது போன்ற தூக்குக்குண்டு நூலைக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டு, நேர் பார்த்து மெல்ல உயர்த்தி மாட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 6 அதிகாலை 2.45-க்குக் கிளம்பிய விமானம் இப்படி ஏற்றப்பட்டதுதான். தளம் 1985 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். குழிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான மனிதர்களின் சாவு தொடங்கிய இடத்தைச் சுற்றி மறுபடி போர் விமானங்கள் நிற்பது, ஜப்பானியருக்கு மட்டுமல்ல, எனக்கும் பொறுக்கவில்லை.

ஆளில்லாத தீவு என்கிறாரே, அதுதான் என்னை எழுத வைத்தது. 2020 கணக்கெடுப்பில் அங்கே 2,044 பேர். பூர்வகுடிகளான சாமோரோ மக்களை ஸ்பானியர்கள் ஒருமுறை அந்தத் தீவிலிருந்தே பெயர்த்துக் குவாமுக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பின் யாப் தீவிலிருந்து வந்த சாமோரோ குடும்பங்கள் மறுபடி வேர்விட்டன. தீவு அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. தீவுக்காரர்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் அதிபர் தேர்தலில் வாக்கில்லை. அவர்களின் நாடாளுமன்றப் பிரதிநிதிக்கு அவையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்கில்லை. அவர்கள் குடிப்பது மழைநீர் பாறைக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர் அடுக்கை. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும், ஏறிய உப்பு சுலபத்தில் இறங்காது. தார், சிமெண்ட், இயந்திரம் அனைத்தும் வந்திறங்க வேண்டிய துறைமுகமோ, போர்க்காலத்தில் சீபீஸ் கட்டியது. அதன் அலைதடுப்பின் இரும்புத் தகடுகள் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கின்றன. தீவுக்காரருக்கு அரிசி வருவதும் அந்த வழியாகத்தான்.

தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் 1983 முதல் 50 ஆண்டுக்கு ராணுவக் குத்தகையில் இருக்கிறது. 2033-இல் தவணை முடியும்போது இன்னொரு 50 ஆண்டு நீட்டிக்கும் உரிமை அமெரிக்காவிடம் இருக்கிறது. அன்று கொடுத்த தொகைக்குள்ளேயே அந்த இரண்டாவது 50 ஆண்டும் அடக்கம்.