அக்காவின் பெயர் எங்கே, தம்பி?

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் திருகோணமலை உப்புவெளி. சைக்கிளில் மீன் விற்கும் ஒரு ஐயாவையும் அவர் பின்னால் திரியும் ஒரு மானையும் வைத்து நாலு கட்டப் படத்தொடர் வரைகிறேன். முதலில் அனுப்பிய தொகுதிக்கு, இப்போது இடமில்லை, ஆனால் நல்ல பகிடி, இன்னும் அனுப்புங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் பதில் எழுதினார். அடுத்து அனுப்பிய இரண்டும் "படம் நன்று, பேச்சு சரியில்லை" என்று திரும்பி வந்துவிட்டன. என் கையெழுத்து கோணல் என்பதால் முதல் தொகுதியில் அக்காதான் பேச்சு வரும் பலூனுக்குள் எழுதித் தந்தார். இப்போது அவர் கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு சம்பூரில் இருக்கிறார், நானே எழுதுகிறேன். மறுபடி அனுப்பலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, அனுப்புவதா விடுவதா என்பது இருக்கட்டும். ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்களே, அக்கா பலூனுக்குள் எழுதித் தந்தார் என்று, அதைப் பேசுவோம். அக்கா இருந்தபோது "நல்ல பகிடி" என்று பதில் வந்தது. அக்கா போனபிறகு "பேச்சு சரியில்லை" என்று வந்தது. இரண்டையும் ஒரே கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டு, பிழை உங்கள் கையெழுத்தில் என்று நினைக்கிறீர்கள். கோணல் எழுத்துக்காக எந்த ஆசிரியரும் "பேச்சு சரியில்லை" என்று எழுதமாட்டார்.

நேராகக் கேட்கிறேன். நீங்கள் சொன்னதை அக்கா அப்படியே பார்த்தா எழுதினார்? எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் பலூனுக்குள் தமிழை அப்படியே எழுத முடியாது. நம்முடைய சொற்கள் விகுதி சேர்ந்து சேர்ந்து நீளும், படமோ அச்சில் சுருங்கும், பத்திரிகைத் தாளில் மை ஊறி ண, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், அதனால் எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டும், பெரிதாக எழுதினால் பாதிச் சொற்களை வெட்ட வேண்டும், எதை வெட்டுவது, எந்தச் சொல்லைக் கடைசிக் கட்டம் வரை ஒளித்து வைப்பது என்று ஒருவர் இருந்து யோசித்திருக்க வேண்டும். அப்படி யோசித்தவர்தான் பகிடியை எழுதியவர். பழைய தாள்களை எடுத்து, நீங்கள் முதலில் பென்சிலால் குறித்ததையும் அக்கா எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழை நடத்திய சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை இன்றைக்கும் பெரியவர்கள் நினைத்துச் சிரிக்கிறார்கள் என்றால் கோடு மட்டுமா காரணம்? அந்த யாழ்ப்பாணப் பேச்சு. உங்கள் மீன்கார ஐயாவின் பேச்சு யாருடைய காதில் விழுந்து வந்தது?

எனக்குக் கோபம் வருவது அடுத்த விஷயத்தில். அந்த முதல் தொகுதியில் கையொப்பம் உங்களுடையது மட்டும்தானே? அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு என்ற பேச்சே கடிதத்தில் இல்லை. நம் வீடுகளில் ஆண்பிள்ளை செய்தால் திறமை, பெண்பிள்ளை செய்தால் ஒத்தாசை. கூடப் பிறந்தவளின் உழைப்பை அவள் பெயரோடு வெளியில் சொல்வது தம்பியின் கடமை என்று நான் நினைக்கிறேன், அதில் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுப் படக்கதைகளை எழுதிய கொசினி 1977 இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஓவியர் உடெர்சோ கதையையும் தானே எழுதினார், ஆனாலும் அட்டையில் கொசினியின் பெயரை எடுக்கவில்லை. உங்கள் அக்கா உயிரோடு, பக்கத்தில், சம்பூரில்தான் இருக்கிறார்.

தூரத்தைச் சாட்டுச் சொல்லாதீர்கள். சம்பூருக்குப் போகும் வழியில் கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்த காலம் 2009 இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. மூன்று தொகுதியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். குழந்தையை நீங்கள் வாங்கி வைத்திருங்கள், அக்கா ஆறுதலாக இருந்து படிக்கட்டும். அத்தானுக்கு முன்னாலேயே கேளுங்கள்: இது வேலை, பெயரில் பாதி, வரும் காசிலும் பாதி, செய்ய விருப்பமா என்று. சமையல் முடித்து, பிள்ளையைத் தூங்க வைத்து, மிச்ச நேரத்தில் சும்மா எழுதித் தரச் சொன்னீர்களானால் அதற்குப் போகாமலே இருக்கலாம்.

அவர் சம்மதித்தால் மறுபடி அனுப்புங்கள். அமெரிக்க ஓவியர் பில் வாட்டர்சனின் கால்வின் அண்ட் ஹாப்ஸ் படத்தொடர் 1985 இல் வெளிவருவதற்கு முன் பல வருடம் அவருக்கும் எல்லாம் திரும்பித்தான் வந்தது. மறுத்த ஒரு நிறுவனமே, அவர் அனுப்பிய வேறொரு தொடரில் ஓரமாக வரும் ஒரு சின்னப் பையனும் பொம்மைப் புலியும்தான் நன்றாக இருக்கின்றன என்று சொன்னது, அவர் அதைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கும் ஆசிரியர் காரணத்தோடு எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று படம் போதாது, ஒரு மாதத்துக்குத் தாக்குப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவேண்டும், 24 வரைந்து பிரதி எடுத்து அனுப்புங்கள். பேச்சை முதலில் எழுதி அதன்பிறகு பலூனை வரையுங்கள். இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும்.

அக்கா மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்போது பஸ் நிலையத்தடியிலும் மீன் சந்தையிலும் போய் நின்று ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று நீங்களே காது கொடுத்துக் கேட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். அந்த முதல் தொகுதியை மட்டும் அவர் பெயர் இல்லாமல் இனி எங்கேயும் அனுப்ப வேண்டாம்.